1380 கோடி ஆண்டு வயது, 4600 கோடி ஒளியாண்டு தூரம்: பிரபஞ்சக் கணக்கு எங்கே இடிக்கிறது?

[காட்சி: முத்தொரை. மலைச்சரிவில் நீளப் படுத்திருக்கும் தொலைநோக்கி]

வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் இருக்கிறோம். 530 மீட்டர் நீளமுள்ள இந்த ரேடியோ தொலைநோக்கியை வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி முடித்தது 1970-ல். எதற்காகச் சரிவில்? சரிவு சுமார் 11 டிகிரி, இந்த ஊரின் அட்சரேகையும் அதேதான். அதனால் இதன் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த அச்சில் மெல்லத் திருப்பினாலே ரேடியோ அலைகளை வலுவாக வீசும் கேலக்ஸி ஒன்றை, அதாவது ஒரு ரேடியோ கேலக்ஸியை, மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையைத் தேடிப் பிடித்ததிலேயே பாதி வேலை முடிந்தது என்பேன்.

[காட்சி: நிலா ஒரு புள்ளியை மறைக்கிறது. திரையின் கீழே சிக்னல் கோடு சரிகிறது]

நிலா குறுக்கே வரும்போது சிக்னல் எப்படிச் சரிகிறது என்பதை வைத்து அந்த கேலக்ஸி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கணித்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் அளந்து பார்த்ததில், மங்கலானவை, அதாவது பெரும்பாலும் வெகு தொலைவில், பழைய காலத்தில் இருப்பவை, சிறியதாகவே தெரிந்தன. பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கைக்கு இது ஒத்துவரவில்லை. 1975-ல் வந்த இந்த முடிவு பிரபஞ்சம் அடர்ந்த, சூடான நிலையிலிருந்து விரிந்து வந்தது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்குப் பலம் சேர்த்தது.

சரி, இப்போது தலைப்புக்கு வருவோம். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். ஆனால் நாம் காணக்கூடிய எல்லை ஒவ்வொரு திசையிலும் சுமார் 4600 கோடி ஒளியாண்டுகள். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்; அப்படியானால் 1380 கோடிதானே வர வேண்டும்? ஒளியை எதுவும் முந்திவிடவில்லை. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே அது கடந்து வந்த வெளியும் விரிந்துகொண்டே போனது, அவ்வளவுதான்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளி, பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பியது. அப்போது அது கிளம்பிய இடத்துக்கும் நமக்கும் சுமார் 4 கோடி ஒளியாண்டு தூரம்தான். இன்று அது ஆயிரம் மடங்குக்கும் மேல்! அதற்கு முன்னால் ஒளி எலக்ட்ரான்களில் மோதி மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. தொட்டபெட்டாவில் மூடுபனி இறங்கினால் பார்வைதான் நிற்கும், மலை நிற்காது. இங்கும் அப்படித்தான்: நம் பார்வைதான் அங்கே நிற்கிறது, பிரபஞ்சம் அங்கேயே முடிந்துவிடவில்லை.

வடிவம்? பிளாங்க் விண்கலம் அளந்தவரை, தட்டை. அதாவது எவ்வளவு பெரிய முக்கோணம் போட்டாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரி. அதற்காக முடிவில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

[காட்சி: விலகிச் செல்லும் கேலக்ஸிகள்]

விரிவு வேகமெடுக்கிறது என்பது 1998-ல் தெரிந்தது. அப்புறம்தான் சங்கடமே. சுமார் 1700 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கேலக்ஸிகளிலிருந்து இன்று கிளம்பும் ஒளி, எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் நம்மிடம் வராது. அவற்றின் பழைய ஒளி மட்டும் வந்துகொண்டிருக்கும்.