எண்ணும் மனமும் அளக்கும் கையும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் வந்து சிறப்பித்திருக்கும் கல்வித்துறை அலுவலர் அவர்களே, நெல்லிக்குப்பத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் அங்கன்வாடிச் சகோதரிகளே, இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்த ஆண்டில் என் வகுப்பறைக்கு முதல் தராசை வாங்கித் தந்தவர் இன்றைய தலைவர் அவர்கள். அந்த நன்றியைச் சொல்லாமல் எண்ணைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மனித மனத்தில் எண்ணும் அளவும் எப்படிக் குடியிருக்கின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பிறவியிலேயே நம்மிடம் இருக்கும் அளவுணர்வு, அதன்மேல் மொழியும் கையும் எழுப்பும் துல்லியமான எண், எண்களை மனம் ஒரு கோட்டின்மேல் வரிசையாக நிறுத்திப் பார்க்கும் விதம் ஆகிய மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன். மூன்றுக்கும் நடுவே ஒரு பழமொழி வந்துகொண்டே இருக்கும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது அது. கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடையில் வாழ்கிற நமக்கு அதைச் சொல்ல முழு உரிமை உண்டு.

1871ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர், ஒரு பெட்டிக்குள் கறுப்பு அவரை விதைகளை வீசி, எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லி, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். ஆயிரம் முறைக்கு மேல் செய்து பார்த்ததில் மூன்றிலும் நான்கிலும் அவருக்குப் பிழையே வரவில்லை. ஐந்தில் பிழை தொடங்கி, எண்ணிக்கை ஏற ஏற அதுவும் ஏறியது. நான்கு வரை நமக்குக் கண்ணே கணக்குப்பிள்ளை. அதற்கு மேல் மதிப்பீடுதான். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த, ஃபெய் ஷூ, எலிசபெத் ஸ்பெல்கி என்ற உளவியல் அறிஞர்களின் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தி உணர்ந்தன. 8க்கும் 12க்கும் வேறுபாடு காட்டவில்லை. பேச்சு வராத பிள்ளைக்கும் அளவு தெரிகிறது, ஆனால் அது எத்தனை கூடுதல் என்று பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு என்று பார்க்கிறது. வளர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. 2, 9 என்ற இரண்டில் பெரியது எது என்றால் சட்டென்று சொல்லும் நாம், 8, 9 என்ற இரண்டில் கொஞ்சம் தயங்குகிறோம் என்பதை 1967இல் மோயர், லாண்டவர் என்ற உளவியல் அறிஞர்கள் அளந்து காட்டினார்கள்.

இதை எந்த ஆய்வையும் படிப்பதற்கு முன்பே ஒரு பலாப்பழத்தடியில் நான் கண்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆனி மாதத்தில் ஒருநாள் தாத்தா என்னைப் பண்ருட்டிப் பலா மண்டிக்கு அழைத்துப்போனார். அவர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலைப் படித்தவர். பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு என்று கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலின் பாடலைச் சொல்லி, காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொன்னார். நான் சுண்ணாம்பால் புள்ளி வைத்துக்கொண்டே 90 முட்களை எண்ணி, 108 சுளை என்று உரக்கச் சொன்னேன். பழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர், பழத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்து, இரண்டு தட்டுத் தட்டி, "நூத்தி இருபதுக்குக் கொறையாது சாமி, நூத்தி நாப்பதுக்குப் போவாது" என்றார். தாத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழத்தை விலைக்கு வாங்கி அங்கேயே அறுக்கச் சொன்னார். மண்டிக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஆயா சுளைகளை மூன்றாக ஒரு முறை, இரண்டாக ஒரு முறை எடுத்து இலையில் போட்டார். ஐந்து சேர்ந்ததும் ஒரு பலாக்கொட்டையைத் தனியே எடுத்து வைத்தார். நடுவில் இருவரிடம் விலை பேசினார், ஒருவருக்குச் சில்லறை கொடுத்தார், கணக்குத் தப்பவில்லை. முடிவில் 25 கொட்டைகள், மீதி இரண்டு சுளை. மொத்தம் 127. தாத்தா நெடுநேரம் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், "பாட்டு என்னிடம் இருந்தது, பழம் அவளிடம் இருந்தது" என்றார்.

அந்த ஆயாவிடம் இரண்டு அறிவும் சேர்ந்திருந்ததை நான் பிற்காலத்தில்தான் புரிந்துகொண்டேன். புரட்டிப் பார்த்துச் சொன்னது பிறவி மதிப்பீடு. அதனால்தான் அவர் ஓர் எண்ணைச் சொல்லாமல் இரண்டு எல்லைகளைச் சொன்னார். கொட்டையை எடுத்து வைத்தது கை கட்டிய துல்லியம். மூன்றும் இரண்டுமாக எடுத்தது, ஜெவன்ஸின் நான்கைத் தாண்டாமல் கண்ணுக்கு எட்டிய அளவுக்குள் நின்றது. அமேசான் காட்டின் முண்டுருக்கு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேல் எண்ணுப்பெயர்கள் இல்லை. அவர்கள் பெரிய புள்ளிக் கூட்டங்களைத் தோராயமாக ஒப்பிடுவதில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்றும், துல்லியமாகக் கழிக்கச் சொல்லும்போதுதான் தடுமாறினார்கள் என்றும் 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. தோராயம் பிறப்போடு வருகிறது. துல்லியத்தைச் சொல்லாலும் கையாலும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, அந்த அளத்தல் தானாக வருவதன்று.

சொல்லின் உதவியில் நாம் பேறு பெற்றவர்கள். பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளை தொண்ணூறைச் சொல்ல "நான்கு இருபது, பத்து" என்று கூட்ட வேண்டும். நம் தொண்ணூறும் தொள்ளாயிரமும் அடுத்த படியின் நூறையும் ஆயிரத்தையும் உள்ளே வைத்திருப்பது தனியே ஒரு மாலை பேசத்தக்கது. பின்னத்தில் நம் செல்வம் இன்னும் பெரிது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் பெயர்கள் உண்டு; முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் முந்திரி என்று பெயர் உண்டு. படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. எனவே ஆழாக்கு என்பது கையில் பிடிக்கக்கூடிய அரைக்கால், அதாவது படியில் எட்டில் ஒன்று.

இப்போது நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கோரிக்கைக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்பித்த நான்காம் வகுப்புச் சிறுமி, கால் பங்கைவிட எட்டில் ஒன்றுதான் பெரியது, நான்கைவிட எட்டு பெரிது அல்லவா என்றாள். அதற்காகவே அவளைக் கணக்கு வராத பிள்ளை என்று பின்பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். நான் அவளிடம் உழக்கையும் ஆழாக்கையும் அரிசியையும் கொடுத்தேன். இரண்டு ஆழாக்கை ஊற்றி உழக்கை நிரப்பியவள், என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ இதுதானே சார் சின்னது" என்றாள். அவளுக்குள் அளவுணர்வு இருந்தது, வாய்ப்பாடும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் பாலத்தை யாரும் போட்டுத் தரவில்லை. குற்றம் அவளுடையதன்று.

எனவே இந்த மாவட்டத்தின் ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் தொடக்கப்பள்ளிக்கும் ஓர் அளவைப் பெட்டி வேண்டும். படி, உரி, உழக்கு, ஆழாக்கு, ஒரு சிறு தராசு, ஒரு மீட்டர் கயிறு, ஒரு லிட்டர் குவளை, பை நிறையப் புளியங்கொட்டை, இவ்வளவே போதும். வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்த்த கைக்கு அது பிறகு வரட்டும் என்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன சமூகம், பிள்ளையின் கையில் அளவையைக் கொடுக்காமல் இருக்கலாமா என்று கல்வித்துறை அலுவலர் அவர்களை மிகுந்த மரியாதையுடன் கேட்கிறேன்.

மனத்தின் எண்கோட்டைப் பற்றிப் பேச நேரம் இடம் தரவில்லை. தலைவர் அவர்கள் அனுமதித்தால் அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்குகிறேன். மாதிரிப் பெட்டி ஒன்று வாசலருகே மேசையில் இருக்கிறது. கோரிக்கை மனுவும் அதன் அருகிலேயே உள்ளது. அங்கன்வாடிச் சகோதரிகள் முதலில் வந்து பெட்டியைத் திறந்து அளந்து பார்த்து, என்ன குறைகிறது என்று என்னிடம் சொல்ல வேண்டும். அதையும் சேர்த்த பிறகே மனுவில் கையெழுத்து வாங்குவோம். நன்றி, வணக்கம்.