ஸ்கூல் பசங்களுக்கு அமெரிக்க அடிமை முறைய எப்படி சொல்லிக் குடுக்கறது?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் இங்க விர்ஜீனியால மிடில் ஸ்கூல்ல சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கறேன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். இன்னைக்கு அடிமை முறை பத்தி கிளாஸ்ல எப்படிப் பேசறதுன்னு சொல்றேன், ஏன்னா இத மழுப்பிட்டுப் போறத பாத்தா எனக்கு நிஜமாவே வயிறு எரியுது.

2023ல ஃப்ளோரிடா ஸ்டேட் புது பாடத்திட்டம் கொண்டு வந்தாங்க. அதுல ஆறுல இருந்து எட்டாவது வரைக்குமான பகுதியில, அடிமையா இருந்தவங்க சில தொழில்கள கத்துக்கிட்டாங்க, அது சில நேரம் அவங்களுக்கே பிரயோஜனமா இருந்துச்சுன்னு சொல்லிக் குடுக்கணும்னு போட்டிருந்தாங்க. பெரிய சண்டையே நடந்துச்சு. நான் கிளாஸ்ல அந்த சண்டைய எடுக்கறதில்ல, பசங்க கையில ஒரு விளம்பரத்த குடுத்துடுவேன்.

1769 செப்டம்பர்ல விர்ஜீனியா கெசட் பேப்பர்ல வந்த விளம்பரம் அது. சாண்டின்னு ஒருத்தர், வயசு 35 இருக்கும், ஓடிப்போயிட்டார், பிடிச்சுக் குடுத்தா பணம். அவர் செருப்பு, ஷூ தைக்கறவர், பெரும்பாலும் இடது கையால வேலை செய்வார், கொஞ்சம் தச்சு வேலையும் தெரியும், குடிப்பார், ஒரு வெள்ளைக் குதிரையையும் தொழில் சாமான்களையும் எடுத்துட்டுப் போயிட்டார்னு இருக்கும். அதே கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பிடிச்சா 40 ஷில்லிங், வேற காலனில (அப்போ விர்ஜீனியா மாதிரி இடமெல்லாம் பிரிட்டிஷ் காலனிதான்) பிடிச்சா 10 பவுண்டு. கீழ யார் பேர் இருக்குன்னு பாருங்கன்னு சொல்வேன். தாமஸ் ஜெஃபர்சன். ஏழு வருஷம் கழிச்சு, 1776ல, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல எல்லா மனுஷங்களும் சமமா படைக்கப்பட்டவங்கன்னு எழுதின அதே ஜெஃபர்சன்.

அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன், பசங்களே பேசுவாங்க. ஏன் சாமான எடுத்துட்டுப் போனார்? போற இடத்துல தைச்சுப் பொழச்சுக்கலாம்னு யோசிச்சிருப்பார், அப்போ அவர்கிட்ட ஒரு பிளான் இருந்திருக்கு! தொழில் தெரிஞ்சவர்தான், ஆனா அந்த தொழில் அவருக்குப் பிரயோஜனப்படணும்னா அவர் ஓடித்தான் ஆகணும். 1773ல ஜெஃபர்சன் அவர 100 பவுண்டுக்கு வித்துட்டார், கைத்தொழில் தெரிஞ்ச ஆளுக்கு சந்தைல விலை கூடங்க, அந்த காசு யார் பாக்கெட்டுக்குப் போச்சு? ஃப்ளோரிடா பாடத்திட்டத்துல போட்டிருந்த அந்த வாக்கியத்துக்கு இதவிட நல்ல பதில் எனக்குத் தெரியல. "ஏன் அவங்க எதிர்க்கல"ன்னு எல்லா வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும்ல, அதுக்கும் இதுலயே பதில் இருக்கு.

ஒண்ண மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க டீச்சர்ஸ், பசங்கள நிக்க வச்சு ஏலம் விடற மாதிரி நடிக்க வைக்கறது. நியூயார்க் மாதிரி ஸ்டேட்ல கூட இது நடந்திருக்கு. கிளாஸ்ல இருக்கற கருப்பினப் பிள்ளைய எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு விலை பேசறது பாடம் இல்லங்க, அது கொடுமை.

குடும்பங்கள் பிரிஞ்சத சொல்லணும்னா நியூ ஆர்லியன்ஸ்ல வந்த ஒரு மெதடிஸ்ட் சர்ச் பேப்பர் இருக்கு, 1879ல இருந்து "லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்"னு ஒரு பகுதி போட்டாங்க. விடுதலை ஆகி பத்து பதினஞ்சு வருஷம் ஆகியும் அம்மாவ, தம்பிய, பிள்ளைங்கள தேடி ஜனங்க எழுதறாங்க, என்னைய இன்னார் இன்னாருக்கு வித்தார், அம்மா பேர் இது, கடைசியா பாத்த ஊர் இதுன்னு. சந்தாதாரர் இல்லன்னா ஒரு கடிதத்துக்கு 50 சென்ட். பாதிரியார்கள் இத சர்ச்ல வாசிங்கன்னு பேப்பரே கேட்டுக்கிச்சு. இதெல்லாம் இப்போ ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்குது, ஆளுக்கு ஒண்ணு குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க போதும், நீங்க விளக்கவே வேணாம்.

அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர், அதாவது பிரிஞ்சு போன தெற்கு ஸ்டேட்களுக்கும் வடக்குக்கும் 1861ல ஆரம்பிச்ச போர். 2018ல வந்த ஒரு ஆய்வுல, போருக்கு முக்கிய காரணம் அடிமை முறைன்னு சரியா சொன்ன பன்னிரண்டாம் கிளாஸ் பசங்க வெறும் 8 சதவீதம்! மாநில உரிமைக்காக நடந்த போர்னு வீட்ல சொன்னாங்கன்னு என் கிளாஸ்லயும் பசங்க வருவாங்க. நான் வாதாட மாட்டேன், 1861 ஜனவரில தெற்குல இருக்கற மிசிசிப்பி ஸ்டேட் ஏன் பிரிஞ்சு போறோம்னு அவங்களே எழுதின அறிக்கைய எடுத்து முன்னாடி வைப்பேன். எங்க நிலைப்பாடு அடிமை முறையோட முழுசா பிணைஞ்சதுன்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சிருக்காங்க. மாநில உரிமைதான், சரி, எதுக்கான உரிமைன்னு அந்தப் பிள்ளையே வாசிச்சு சொல்லட்டும்.