1885இல் ஜெயித்தது யார்?

இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "1885 பேஸ்பால் சாம்பியன் சிகாகோவா, செயின்ட் லூயிஸா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் இரண்டு போட்டி லீகுகளின் சாம்பியன்கள் மோதிய தொடர் அது. மொத்தம் ஏழு ஆட்டம். முதல் ஆட்டம் இருட்டிவிட்டதால் 5-5 என்று நின்றது. இரண்டாவதில் நடுவரின் தீர்ப்பு பிடிக்காமல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் கேப்டன் காமிஸ்கி அணியையே வெளியே கூட்டிப் போய்விட்டார். அந்த ஆட்டத்தில் சிகாகோ ஜெயித்ததாக முடிவானது. அதைச் சேர்த்தால் 3-3. சேர்க்காவிட்டால் செயின்ட் லூயிஸ் 3-2. கடைசி ஆட்டத்துக்கு முன், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சிகாகோ ஒத்துக்கொண்டதாக பிரவுன்ஸ் சொன்னது. சிகாகோ மறுத்தது. 1,000 டாலர் பரிசை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். என் கணக்கில் அது சமன்தான்.

ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். முந்தைய பேச்சிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: எல்லாம் அந்த 25 சென்ட் டிக்கெட்தான். சிகாகோ ஆடிய நேஷனல் லீகில் டிக்கெட் 50 சென்ட், பீர் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பிரவுன்ஸ் முதலாளி வான் டெர் ஆ, மதுக்கடை வைத்திருந்த ஜெர்மன்காரர். அவருடைய அணி ஆடிய லீகில் 25 சென்ட் கொடுத்தால் போதும். பீரும் உண்டு, ஞாயிறு ஆட்டமும் உண்டு. கூலிக்காரனுக்கு ஓய்வே அந்த ஒரு நாள்தானே! அவனும் வந்து உட்காரலாமா என்பதுதான் சண்டை.

அப்புறம் 1886. மறுபடியும் அதே இரண்டு அணிகள். ஜெயிப்பவருக்கே மொத்த வசூலும் என்று சிகாகோ முதலாளி ஸ்பால்டிங் நிபந்தனை போட்டார். ஆறாவது ஆட்டம், செயின்ட் லூயிஸில். சிகாகோ 3-0 என்று முன்னால் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் பிரவுன்ஸ் சமன் செய்தது. பத்தாவதில் பிரவுன்ஸின் கர்ட் வெல்ச் மூன்றாவது பேஸில் நிற்கிறார், அங்கிருந்து ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்துவிட்டால் ஒரு ரன். சிகாகோவின் கிளார்க்சன் வீசிய பந்து, மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் கெல்லியைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறது. வெல்ச் ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். 4-3, தொடரும் முடிந்தது. '15,000 டாலர் சறுக்கல்' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் வசூல் சுமார் 14,000. அவர் சறுக்கினாரா என்பதிலேயே வழக்கு இருக்கிறது. பந்து அவ்வளவு தூரம் போனபின் எதற்குச் சறுக்க வேண்டும்?

வான் டெர் ஆ அந்த வசூலில் பாதியை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். ஸ்பால்டிங்கோ, சில மாதங்களில் கெல்லியை 10,000 டாலருக்கு பாஸ்டனுக்கு விற்றுவிட்டார். கிளார்க்சனும் 1888இல் அதே விலைக்கு அங்கேயே போனார். அந்த இரண்டு அணிகளும் இன்றும் ஆடுகின்றன, சிகாகோ கப்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பெயர்களில்.