ஹெட்ஜ் ட்ரிம்மர்: பெட்ரோல்ல இருந்து பேட்டரிக்கு மாறலாமா?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்காரு: "வேலிச்செடி வெட்டற பெட்ரோல் ட்ரிம்மர் வச்சிருக்கேன். பேட்டரிக்கு மாறலாமா? 20 வோல்ட் போதுமா, 40 வோல்ட் வாங்கணுமா? சார்ஜ் பாதியில தீர்ந்துடுமா?"

வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வீட்டு வேலி வெட்டறவருன்னா தாராளமா மாறலாம். பெட்ரோல் மெஷினுக்குக் கெடுதலே சும்மா கெடக்குறதுதான். டேங்க்ல நின்ன எண்ணெய் கலந்த பெட்ரோல் நாளாக நாளாகப் பிசினாகி கார்புரேட்டர் துளைய அடைச்சிடும். அடுத்த தடவை கயிறு இழுத்து இழுத்து கை ஓஞ்சு போகும். பேட்டரியில அந்தத் தொல்லை கிடையாது. ஆனா தினமும் மணிக்கணக்கா வெட்டறவங்க, வேலை நடக்குற எடத்துல சார்ஜ் போட வழி இல்லாதவங்க, பெட்ரோலையே வச்சுக்கலாம்.

வோல்ட் விஷயத்துக்கு வருவோம். அட்டையில 20 வோல்ட்னு இருக்கும், உண்மையில அது 18 வோல்ட் பேட்டரிதான். உள்ளே 3.6 வோல்ட் செல் அஞ்சு வரிசையா இருக்கு. முழு சார்ஜ்ல ஒவ்வொண்ணும் நாலு வோல்ட்டைத் தாண்டும், அந்த உச்சத்தைத்தான் எழுதறாங்க. 40ன்னு போட்டா 36. அதனால வோல்ட்டை மட்டும் பாக்காதீங்க. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும், அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற அளவையும், பெருக்குங்க. 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர்னா 90 வாட்-ஹவர். 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-ஹவரும் அதே 90தான். எவ்வளவு நேரம் ஓடும்ங்கறது இந்த எண்ணைப் பொறுத்தது. அதிக வோல்ட்டோட லாபம் என்னன்னா, அதே சக்திக்குக் கம்மி கரண்ட் போதும், சுமை ஏறும்போது சூடும் கம்மி.

இதைவிட முக்கியமானது பிளேடோட பல் இடைவெளி. ரெண்டு பல்லுக்கு நடுவுல நுழையாத குச்சி வெட்டுப்படாது, அவ்வளவுதான். இளந்தளிர் வேலிக்கு 15, 16 மில்லிமீட்டர் போதும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெட்டுவீங்க, குச்சி முத்திடும்னா 20க்கு மேல பாருங்க. அதையும் மீறின கிளைய கவாத்துக் கத்தரியால வெட்டுங்க. பிளேடு 45லேர்ந்து 60 சென்டிமீட்டருக்குள்ள இருக்கட்டும். நீளம் கூடக்கூட முன்பக்கம் கனக்கும், தோளுக்கு மேல தூக்கி வெட்டறப்ப அது நல்லாவே தெரியும். பேட்டரி கனமும் கையிலதான் ஏறும், அதனாலதான் ஒரு பெரிய பேட்டரிக்குப் பதிலா ரெண்டு சின்னது வாங்குங்கன்னு சொல்றேன். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சார்ஜ் ஏறும்.

"புது மெஷின், இப்போ சார்ஜே நிக்கல"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. பேட்டரியைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி பிளேடைப் பாருங்க. இலைச்சாறு காஞ்சு பிசினா ஒட்டி, ரெண்டு பிளேடும் உரசும். மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், சார்ஜ் சீக்கிரம் தீரும். ஒவ்வொரு தடவை வேலை முடிஞ்சதும் பேட்டரியைக் கழட்டிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால தேய்ச்சுத் துடைங்க, பிளாஸ்டிக்ல படாம. அப்புறம் லேசான மெஷின் ஆயில் விட்டு, ஒரு பத்து செகண்ட் ஓட்டுங்க. பிளேடு திருகு லூஸா இருந்தா இலை வெட்டுப்படாம மடிஞ்சு சிக்கிக்கும், ரொம்ப டைட்டா இருந்தா பிளேடு சூடாகும். சரிசெய்யற வசதி உள்ள மாடல்ல எவ்வளவு தளர்த்தணும்னு மேனுவல்ல இருக்கும், அதன்படியே செய்யுங்க.

குச்சி சிக்கிட்டா மெஷின் தானா நிக்கும். ட்ரிக்கரைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க. பேட்டரியைக் கழட்டி வச்சிட்டுத்தான் குச்சிய எடுக்கணும். கழட்டாம விரலை விட்டு எடுக்கவே எடுக்காதீங்க, தயவுசெய்து.

வேலை முடிஞ்ச சூட்டோட பேட்டரியைச் சார்ஜர்ல மாட்டாதீங்க, ஆறட்டும். மாசக்கணக்கா எடுத்து வைக்கணும்னா பாதி சார்ஜ்ல, வெயில் படாத எடத்துல, மெஷின்லேர்ந்து தனியா வைங்க. முழுக்கத் தீர்ந்த நிலையில விட்டா, செல் தானா இன்னும் இறங்கி, சார்ஜர் ஏத்துக்காமலே போயிடலாம்.

பழைய பெட்ரோல் மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம்னு நினைச்சா, டேங்க்கைக் காலி பண்ணிட்டு, மிச்ச பெட்ரோல் தீர்ந்து தானா நிக்கற வரைக்கும் ஓட்டிட்டு வைங்க.