கடை வாசலில் ஒரு பதக்கம்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதல் உலகப் போரில் வீரப் பதக்கம் வாங்கிய ஜெர்மன் சிப்பாய்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சிவப்பு விமானத்தில் பறந்த விமானி ரிஹ்தோஃபனும், பின்னால் பெரிய தளபதியான ரோம்மலும் வருவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் முன்வரிசையில் சிலர் இருப்பது தெரிகிறது. மன்னிக்க வேண்டும். நான் அழைத்து வந்திருப்பது ஒரு மெத்தைக் கடைக்காரரை.

1933 ஏப்ரல் 1, சனிக்கிழமை. ஜெர்மனியில் கொலோன் நகரம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அன்று நாடு முழுவதும் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி உத்தரவு. ஒவ்வொரு கடை வாசலிலும் பழுப்புச் சட்டை போட்ட நாஜிக் கட்சிக்காரன் ஒருவன் நிற்கிறான். உள்ளே போகிறவர்களை மிரட்டித் திருப்பி அனுப்புவது அவன் வேலை. மெத்தையும் படுக்கை விரிப்பும் விற்கும் ஒரு கடையில் மட்டும் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் பழுப்புச் சட்டைக்காரன். பக்கத்திலேயே, கோட்டில் முதல் உலகப் போரில் வாங்கிய இரும்புச் சிலுவைப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு, கடையின் முதலாளி ரிச்சர்ட் ஸ்டெர்ன். யாரோ எடுத்த புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது.

ஸ்டெர்ன் சும்மா நிற்கவில்லை. கையோடு ஒரு துண்டறிக்கையும் அச்சடித்து வைத்திருந்தார். முன்னாள் போர்முனைத் தோழர்களுக்கும் எல்லா ஜெர்மானியருக்கும் என்று விளித்து எழுதியது. போர்முனை வீரனை அவமதிப்பவனுக்குக் கடுங்காவல் என்று நம் பிரதமரும் அமைச்சர்களும்தானே சொன்னார்கள், இப்போது நடப்பது என்ன, போரில் செத்துப்போன 12,000 யூத வீரர்களின் நினைவை அசிங்கப்படுத்துவது இல்லையா என்று அதில் கேட்டிருந்தார். அரசாங்கம் சொன்ன வார்த்தையை எடுத்து அரசாங்கத்தின் முன்னாலேயே நீட்டுகிறார். நியாயம் கேட்பவன் கையில் பழைய ரசீது இருந்தால் எப்படிக் காட்டுவானோ, அப்படி.

அந்த ரசீது, அதாவது இரும்புச் சிலுவை, எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நடுவில் வார்ப்பிரும்பு, கறுப்புப் பூச்சு. சுற்றிலும் வெள்ளியில் மெல்லிய விளிம்பு. முதல் உலகப் போரில் கொடுத்ததில் ஒரு பக்கம் கிரீடமும், ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்மின் முதலெழுத்தும், 1914 என்ற ஆண்டும் இருக்கும். திருப்பினால் ஓக் இலைகளும் 1813 என்ற ஆண்டும். இரண்டாம் வகுப்பை நாடாவில் கட்டித் தருவார்கள். வாங்கிய அன்றைக்குத்தான் முழுப் பதக்கம். மறுநாளிலிருந்து சட்டைப் பொத்தான் துளையில் கறுப்பு வெள்ளை நாடா மட்டும். முதல் வகுப்புக்கு நாடா கிடையாது. இடது மார்பில் நேராகக் குத்திக்கொள்ள வேண்டும்.

ஏன் இரும்பு? 1813ல் பிரஷ்யா என்ற ஜெர்மன் நாட்டின் அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிஹ் வில்ஹெல்ம் நெப்போலியனோடு மோதக் கிளம்புகிறார். கஜானா காலி. பெண்கள் தங்க நகையைக் கழற்றிப் போர்ச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, ‘இரும்புக்காகத் தங்கம் தந்தேன்’ என்று பொறித்த இரும்பு மோதிரத்தைப் பெருமையாகப் போட்டுக்கொண்ட காலம். அந்த இரும்பையே அரசர் பதக்கமாக்கினார். இறந்துபோன தன் ராணி லூயிசாவின் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் அதற்குத் தேதியாகப் போட்டார். வடிவம் கொடுத்தவர் ஷிங்கெல், பெர்லினின் பெரிய கட்டடக் கலைஞர். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதுவரை பெரிய பதக்கம் என்றாலே பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான். இது சாதாரணச் சிப்பாய்க்கும் உண்டு என்று அரசர் சொன்னார். நீ யார் மகன் என்று கேட்காது, என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கும். அப்படித்தான் பேச்சு.

1812ல், அதாவது சரியாக முந்தின ஆண்டு மார்ச்சில், பிரஷ்ய யூதர்களுக்குக் குடியுரிமை தரும் அரசாணை வந்திருந்தது. மறுவருடமே யூத இளைஞர்கள் தொண்டர்களாகப் படையில் சேர்ந்தார்கள். ரத்தம் கொடுத்தால் சமமாகிவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே தொடங்குகிறது. சமம் வந்ததா என்றால், அப்புறம் நூறு வருஷம் போனபோதும் பிரஷ்யப் படையில் ஞானஸ்நானம் பெறாத யூதன் ரிசர்வ் அதிகாரியாக முடியாத நிலைதான். 1885க்குப் பிறகு ஒருவரைக்கூட ஏற்கவில்லை.

1914ல் போர் வந்தது. எனக்குக் கட்சிகள் தெரியாது, ஜெர்மானியர்களை மட்டுமே தெரியும் என்றார் கைசர். போர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது எம்டன். செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டனின் தளபதி கார்ல் ஃபான் முல்லருக்கும் இரும்புச் சிலுவை கிடைத்தது. 1918ல் ‘பூர் ல மெரிட்’ என்ற மிகப் பெரிய விருதும். அது வேறு கூட்டத்துக்கான கதை.

ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் அந்தப் போரில் ஜெர்மனிக்காகச் சீருடை அணிந்தார்கள். லுட்விக் ஃப்ராங்க் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், சோஷலிஸ்ட், நாற்பது வயது. வீட்டில் இருந்திருக்கலாம். தானாகப் போய்ச் சேர்ந்து, போர் தொடங்கி ஒரே மாதத்தில், செப்டம்பர் 3ஆம் தேதி பிரான்ஸ் மண்ணில் செத்தார். மற்ற ஆயிரக்கணக்கானவர்களின் மார்பில் இரும்புச் சிலுவை ஏறியது. யூதன் மார்பில் சிலுவை! அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை.

1916ல் உறுத்த ஆரம்பித்தது. போர் இழுத்துக்கொண்டே போகிறது, வெற்றி கண்ணில் படவில்லை, யார் மேலாவது பழி போட வேண்டும். யூதர்கள் போர்முனைக்கு வராமல் பின்னால் பதுங்குகிறார்கள் என்று புகார். அக்டோபரில் பிரஷ்யப் போர் அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது: நவம்பர் 1 நிலவரப்படி படையில் யூதர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், எண்ணி அனுப்பு. பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவனைக் கற்பனை செய்துபாருங்கள். பக்கத்தில் இருப்பவனோடு ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றவன். ஒரு குமாஸ்தா காகிதத்தோடு வந்து, நீ மட்டும் இந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடு என்கிறான். எண்ணி முடித்தார்கள். முடிவை வெளியிடவே இல்லை. வெளியிடாத கணக்குக்கு வாய் அதிகம். ஆளாளுக்குத் தோன்றியதை அதன் பெயரில் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கிளைக்கதை, சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. பவேரியப் படையின் 16ஆம் ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்ட். அதில் ஹூகோ குட்மன் என்று ஒரு லெஃப்டினன்ட், நியூரம்பெர்க் நகரத்து யூதர். தானே முதல் வகுப்பு இரும்புச் சிலுவை வாங்கியவர். 1918 கோடையில், செய்தி கொண்டு ஓடும் ஒரு கடைநிலைச் சிப்பாய்க்கும் முதல் வகுப்பு கிடைக்க வேண்டும் என்று அவர் முயற்சி எடுத்தார். அந்தப் போரில் இரண்டாம் வகுப்பு சுமார் ஐம்பது லட்சம் பேருக்குப் போனது. முதல் வகுப்போ இரண்டு லட்சத்துச் சொச்சம்தான், அதுவும் பெரும்பாலும் அதிகாரிகளுக்கு. அதனால் சாதாரணச் சிப்பாய்க்கு அது பெரிய விஷயம். ஆகஸ்ட் 4ஆம் தேதி பதக்கம் வந்தது. சிப்பாயின் பெயர் அடால்ஃப் ஹிட்லர். அந்த ஆள் சாகும்வரை மார்பில் குத்திக்கொண்டு திரிந்தது அந்தப் பதக்கத்தைத்தான். குட்மன் 1940ல் எப்படியோ அமெரிக்கா போய்ச் சேர்ந்து, பெயரை ஹென்றி கிராண்ட் என்று மாற்றிக்கொண்டு, 1962ல் சான் டியாகோவில் இறந்தார்.

ஜெர்மனி போரில் தோற்றது. யூதர்களும் சோஷலிஸ்டுகளும் உள்ளிருந்தே ‘முதுகில் குத்திவிட்டார்கள்’ என்ற கதை கிளம்பியது. யூத முன்னாள் வீரர்கள் 1919ல் லியோ லோவன்ஸ்டைன் தலைமையில் ஒரு சங்கம் அமைத்தார்கள். வாதாடிப் பார்த்தார்கள். 1932ல் போரில் இறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூத வீரர்களின் பெயர், ஊர், இறந்த தேதி எல்லாவற்றையும் திரட்டி ஒரு நூலாகவே போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள், தாங்கள் அந்த ஊர்க்காரர்கள்தான் என்பதற்குச் சாட்சியாகப் பிணங்களை எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது.

கொலோன் கடை வாசலுக்கு வருவோம். ஸ்டெர்ன் நின்றதில் ஏதாவது பலன் உண்டா? ஆறு நாளில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருந்தது. ஜனாதிபதி ஹிண்டன்பர்க் பழைய படைத்தளபதி. ஏப்ரல் 4ஆம் தேதி அவர் ஹிட்லருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: ஜெர்மனிக்காகச் சண்டை போடவும் ரத்தம் சிந்தவும் தகுதி இருந்தவர்களுக்கு, தங்கள் தொழிலில் இருந்து நாட்டுக்குச் சேவை செய்யவும் தகுதி உண்டு என்ற கருத்தில். போர்முனையில் இருந்தவர்கள், தகப்பனையோ மகனையோ போரில் இழந்தவர்கள் வேலையில் தொடரலாம் என்று ஆயிற்று. நாஜிகளுக்கு அப்புறம்தான் அதிர்ச்சி. யூத வக்கீல்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விலக்கில் வந்துவிட்டார்கள். பதுங்கினார்கள் என்று பதினேழு வருடம் சொன்ன பொய் சொந்த அரசாங்கத்தின் கோப்பிலேயே உடைந்தது. இதை நாஜிகள் எந்த மேடையிலும் சொல்லவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1934ல் இன்னொரு வேடிக்கை. போரில் பங்கெடுத்த எல்லோருக்கும் கௌரவச் சிலுவை என்று ஹிண்டன்பர்க் அறிவித்தார். அறிவித்த மூன்று வாரத்தில் அவர் இறந்துபோனார். பதக்கம் மட்டும் வந்துகொண்டே இருந்தது, யூதர்களுக்கும், போரில் மகனை இழந்த யூதத் தாய்மார்களுக்கும். சான்றிதழின் முதல் வரி: ‘ஃபியூரர், பிரதமர் அவர்களின் பெயரால்.’ அதாவது ஹிட்லரின் பெயரால். இதைக் கையில் வாங்கிய ஒருவர், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்திருப்பார். மறுவருடமே யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. விலக்கும் போனது, வேலையும் போனது.

1941 செப்டம்பர் 1 அன்று வந்த காவல்துறை ஆணையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று சொன்ன ஆணை அது. உள்ளங்கை அளவு, கறுப்புக் கோடு, இடது மார்பில் தைத்திருக்க வேண்டும். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த பிரிவில் இன்னொன்று இருக்கிறது: யூதர்கள் பதக்கங்களும் கௌரவச் சின்னங்களும் அணியக் கூடாது. இரும்புச் சிலுவை முதல் வகுப்பு இருந்த அதே இடம், இடது மார்பு. ஒன்றைக் கழற்று, இன்னொன்றைத் தை. யாரோ ஓர் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான்.

பதக்கத்தை அவர்கள் முழுதாக மறந்துவிடவும் இல்லை. 1942 ஜனவரி 20, பெர்லின் நகரின் ஓரத்தில் வான்ஸேயில் ஒரு மாளிகை. ஐரோப்பிய யூதர்களை ஒழிப்பதற்கான ஏற்பாடுகளைப் பேசக் கூடிய கூட்டம். அதன் குறிப்பில் ஒரு பத்தி: 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், போரில் படுகாயமடைந்தவர்கள், முதல் வகுப்பு இரும்புச் சிலுவை வாங்கியவர்கள், இவர்களைத் தனியாக, செக் மண்ணில் தெரேசியன்ஸ்டட் என்ற ஊரில் உள்ள முதியோர் கெட்டோவுக்கு, அதாவது யூதர்களை அடைத்து வைக்கும் பகுதிக்கு, அனுப்பலாம். காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். இப்படிச் செய்தால் சிபாரிசுகளுக்கு ஒரே அடியில் முற்றுப்புள்ளி வைத்துவிடலாமாம். ‘என்னய்யா, அவர் என் ரெஜிமெண்ட்டில் இருந்தவர், பதக்கம் வாங்கியவர், அவரையுமா’ என்று யாராவது பெரிய மனிதர் ஃபோன் செய்தால், அவரை நல்ல இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று சொல்ல ஒரு ஊர் வேண்டும். அதற்குத்தான் பதக்கம் பயன்பட்டது. தெரேசியன்ஸ்டட்டுக்குக் கொண்டுபோன சுமார் 1,40,000 பேரில் 33,000 பேர் அங்கேயே பசியிலும் நோயிலும் செத்தார்கள். 88,000 பேரைக் கிழக்கே கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள்.

செத்தவர்களையும் அவர்கள் விடவில்லை. வில்ஹெல்ம் ஃப்ராங்கெல் என்று ஒரு விமானி, யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ‘பூர் ல மெரிட்’ வாங்கி, மொத்தம் இருபது விமானங்களை வீழ்த்தி, 1917 ஏப்ரலில் வானத்திலேயே செத்தவர். நாஜிகள் அவர் பெயரை விமானப்படைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். 1973ல் மேற்கு ஜெர்மனி, நொய்புர்க்கில் உள்ள ஒரு விமானப்படை முகாமுக்கு அந்தப் பெயரை வைத்தது.

ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1939ல் தப்பி அமெரிக்கா போனார். 1942ல், நாற்பத்து மூன்று வயதில், அமெரிக்கப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1944ல் இத்தாலியில் சண்டை. எதிரே இயந்திரத் துப்பாக்கியோடு ஜெர்மானியர்கள். ஸ்டெர்ன் அவர்களிடம் ஜெர்மன் மொழியில் பேசியே சரணடைய வைத்தார். அதற்காக அமெரிக்கா அவருக்கு ஒரு வீரப் பதக்கம் கொடுத்தது. அதன் பெயர் வெள்ளி நட்சத்திரம். பெயர்தான் வெள்ளி. கையில் வாங்கிப் பார்த்தால் பொன் நிறத்தில் ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் பொட்டு அளவுக்கு மட்டும் வெள்ளி. அதையும் இடது மார்பில்தான் குத்துவார்கள்.