தாஹோ ஏரியும் செப்டம்பர் குளிரும்

நேயர்களுக்கு வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர டிரையத்லான் பந்தயங்களுக்கு ஆட்களைத் தயார்படுத்தும் வேலையில் இருக்கிறேன். இன்று மலைப்பகுதிகளில் இலையுதிர்காலத்தில் நடக்கும் பந்தயங்களையும், அங்கே வானிலை எப்படி ஆளைத் திணறடிக்கிறது என்பதையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம் பக்கத்திலிருந்தும் இப்போது பலர் வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போகிறார்கள். வெயிலைப் பற்றி அவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரத்தோடு சேர்ந்த குளிரைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

முழு அயர்ன்மேன் பந்தயம் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். காலையில் ஏரிக்குள் இறங்குகிறவர் ஓட்டத்தை முடிக்க நள்ளிரவாகலாம். மலையில் ஒரு நாள் முழுக்க என்னென்ன உண்டோ அத்தனையும் அவர் தலையில்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே, சியரா நெவாடா மலையில், கடல் மட்டத்துக்கு சுமார் 1,900 மீட்டர் மேலே இருக்கிறது தாஹோ ஏரி. அதிகபட்ச ஆழம் சுமார் 500 மீட்டர். கோடை முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். செப்டம்பரில் கூட்டம் வடிந்துவிடும், தங்கும் அறைகள் காலியாகும், ஏரித் தண்ணீரில் கோடைச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். மலை ஊர்களில் பந்தயத்துக்கு இந்த மாதத்தைப் பிடிப்பதற்கு இப்படிப்பட்ட காரணங்கள்தான். 2013 செப்டம்பர் 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கிங்ஸ் பீச் என்ற கரையில் முதல் தாஹோ அயர்ன்மேன் நடந்தது.

முந்தின நாள் சனிக்கிழமை புயல் மழை. மேலே மலைமுகடுகளில் பனி விழுந்தது. ஞாயிறு காலை வானம் துடைத்து வைத்த மாதிரி தெளிவு. 'அப்பாடா, மழை விட்டது' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மலையில் மழை விட்ட மறுநாள் விடியலைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். காரணம் இது: அலாஸ்கா பக்கமிருந்து இறங்கி வரும் குளிர்ந்த காற்றழுத்தத் தாழ்வு ஒரு நாளில் கடந்து போய்விடும். அதன் பின்னால் வருவது வறண்ட, குளிர்ந்த காற்று. மேகம் இருந்தவரை போர்வையாக இருந்து பூமியின் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. மேகம் போனதும் இரவெல்லாம் அந்தச் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, மேட்டில் இருக்கும் வீடுகளில் அவ்வளவு இருக்காது, பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். தாஹோவுக்குப் பக்கத்தில், சைக்கிள் பாதை கடந்து போகும் டிரக்கி என்ற ஊர், இப்படிக் குளிர்காற்று தேங்குவதற்கே பேர்போனது.

அன்று காலை காற்று ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி. தண்ணீர் 15, 16 டிகிரி. வெளியைவிடத் தண்ணீர் சூடு! ஏரியிலிருந்து ஆவி எழுந்து மூடுபனியாக நின்றது. நீந்துகிறவர்களுக்குத் திசை காட்டும் மிதவைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. நிறுத்தி வைத்த சைக்கிள் சீட்டுகளில் உறைபனி. நீச்சலை முடித்தவர்களுக்குக் கரையில் அந்தக் குளிர்காற்று காத்திருந்தது. உடை மாற்றும் கூடாரத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் ஈரத்தை முழுசாகக் கழற்றித் துடைத்து, வேறு உடுத்துகிறார்கள், அப்படியே நின்று கொஞ்சம் சூடேறப் பார்க்கிறார்கள். தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அன்று பந்தயத்தை முடிக்கவில்லை. கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த காற்று, கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே போகும் ப்ராக்வே என்ற ஏற்றத்தை இரண்டு தடவை ஏறுவது, இவையும் அதில் சேர்ந்தன. குளிரைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் குளிர் எங்கே ஆளைப் பிடிக்கிறது என்று பாருங்கள். விரலில். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும். கரைக்கு வந்தபோது விரல் மரத்துப் போயிருக்கும். ஹெல்மெட் கொக்கியை மாட்ட முடியாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதே தெரியாது. அப்புறம் நடக்கத் தொடங்கியதும் கைகால்களில் குளிர்ந்து கிடந்த ரத்தம் உள்ளே திரும்புகிறது. அதனால் நெஞ்சுக்குள் இருக்கும் சூடு, தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். ஏரியில் நன்றாக இருந்தவர் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வெடவெடவென்று நடுங்குவது இதனால்தான்.

நடுங்கும் கையால் கியர் மாற்ற வராது, பிரேக் பிடிக்க வராது. இதைவிட மோசம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வராது. தாகமும் எடுக்காது. நடுக்கம் என்பது தசைகள் சர்க்கரையை எரித்துச் சூடு உண்டாக்குவது. அந்தச் சர்க்கரை உள்ளே போகவில்லை என்றால் நடுங்கக்கூடத் தெம்பிருக்காது. நூறாவது கிலோமீட்டரில் கால் ஓய்ந்தது என்று சொல்கிறவர்களிடம் கேட்டால், முதல் முப்பது கிலோமீட்டரில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஏற்றத்தில் வியர்க்கும், இறக்கத்தில் அதே வியர்வை பகையாகும். காற்று 5 டிகிரி இருக்கும்போது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இறங்கினால், உலர்ந்த தோலுக்கே அது பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி போல உறைக்கும். ஈரத்துணி என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் நான் கறாராகச் சொல்வது ஒன்று. மலைப் பந்தயத்தில் நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஐந்து நிமிடம் செலவழித்து முழுக்கத் துடைத்து உலர்ந்த உடை போடுங்கள். அதை வீணான நேரம் என்று நினைக்கிற போட்டியாளரோடு நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன். பையில் பெரிய துண்டு, முழுவிரல் கையுறை, கால்விரல் உறை, காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். இறக்கத்துக்கு முன்னால் நெஞ்சுக்குள் செருகிக்கொள்ள ஒரு பழைய செய்தித்தாள். சைக்கிள் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது அது, இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. சாப்பாட்டுப் பொட்டலங்களின் ஓரத்தை முன்னிரவே கிழித்து வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கொக்கி மாட்டிப் பழகுங்கள். ஊரில் ஐஸ் தண்ணீர் வாளிக்குள் கையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டும் பழகலாம்.

வானிலை அறிக்கையில் சூரியன் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அந்த நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை, காற்றின் வேகம், அப்புறம் பனிப்புள்ளி, அதாவது எந்த வெப்பநிலையில் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் என்ற எண். வானம் தெளிவு, காற்று இல்லை, பனிப்புள்ளி பூஜ்யத்தை ஒட்டி என்றால் விடியலில் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். ஊருக்கு ஒரு அறிக்கை, மலை உச்சிக்கு ஒரு அறிக்கை என்று இரண்டையும் தேடிப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

குளிர் மட்டும்தானா என்றால் இல்லை. தாஹோவிலேயே அடுத்த ஆண்டு, 2014 செப்டம்பர் 21-ஆம் தேதி, போட்டியாளர்கள் வெட்சூட் என்ற குளிர்தாங்கும் நீச்சல் உடை போட்டுக் கரையில் நின்றபோது பந்தயம் ரத்து என்று அறிவித்தார்கள். காரணம் புகை. செப்டம்பர் 13-இல் பற்றிய கிங் ஃபயர் என்ற காட்டுத்தீ மேற்கே எரிந்துகொண்டிருந்தது. காற்று திரும்பும் பக்கமெல்லாம் புகையும் திரும்பியது. கோடை முழுக்கக் காய்ந்த காடு இலையுதிர்காலத்தில்தான் எளிதில் பற்றும். ஒரு செப்டம்பரில் பனி, மறு செப்டம்பரில் புகை, அதே கரையில். 2015-இல் இரண்டாவது முறையாக நடந்ததோடு அங்கே முழு அயர்ன்மேன் நின்றுபோனது.

அந்த ரத்து பலரை அழ வைத்தது. ஓராண்டுப் பயிற்சி, விமானச் செலவு, விடுப்பு, எல்லாம் போனது. இருந்தும் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். நாள் முழுக்க மூச்சு வாங்க உழைக்கிறவர் உள்ளிழுக்கும் காற்றின் அளவு, சும்மா இருப்பவருடையதைப்போலப் பல மடங்கு. நேரத்தோடு நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் ஆலங்கட்டியும் உறைமழையும் கடுங்காற்றும் சேர்ந்து வந்தன. ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். காற்றுத்தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயமாக இருக்கவில்லை. நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்கள் நேரத்தோடு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நாம் அவர்களைத் திட்டக் கூடாது.

கடைசியாக, ஓடுகிறவர்களுக்கும் வழியில் நிற்கும் குடும்பத்தாருக்கும் ஒன்று. குளிரில் நடுங்குகிறவர் இன்னும் போராடுகிறார் என்று அர்த்தம். நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறி, கால் தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது ஆபத்து. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதை அப்போது நம்பாதீர்கள். அவரைக் காற்றில்லாத இடத்துக்குக் கூட்டிப் போய், ஈரத்தைக் கழற்றி, கம்பளி போர்த்தி, மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.