டி.என்.டி. வந்த பிறகு

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் செவிலியர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தப்பாக ஏதாவது சொன்னால் அங்கேயே திருத்திவிடுங்கள். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், எச்.ஐ.வி.க்கான மாதாந்திர மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு, ஒரு அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பதினைந்து வருடமாக ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். அவருடைய டப்பாவைத் திறந்தால் மாத்திரைகளுக்கு மேலே பஞ்சு திணித்திருக்கும். பையில் குலுங்கும் சத்தம் மருமகள் காதில் விழக்கூடாதாம். அன்றைக்கு, "சார், மாடிப்படி ஏறினா நெஞ்சை அடைக்குது, தாடையெல்லாம் வலிக்குது" என்றார். நான் கோப்பைப் புரட்டினேன். வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸின் அளவு, டி.என்.டி.; சோதனையில் வைரஸ் தென்படவில்லை என்று பொருள். சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை அறுநூறுக்கு மேல். "ஜம்முனு இருக்கீங்கம்மா" என்று சொல்லி வாயுவுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தேன். எட்டாம் நாள் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார்; அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

டி.என்.டி. என்பது பெரிய சாதனை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்று போகாது. ஆனால் இரத்தத்தில் வைரஸ் தென்படாததால் நோய் எதிர்ப்பு மண்டலம் ஓய்ந்துவிட்டது என்று ஆகாது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் உள்ளே நடப்பது.

அந்தக் கனலுக்கு விறகு எங்கிருந்து வருகிறது? முக்கியமான இடம் குடல். எச்.ஐ.வி. உடம்புக்குள் நுழைந்த முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்களைப் பெருமளவில் தின்று தீர்த்துவிடுகிறது. சுவர் ஓட்டை விழுந்த பானை மாதிரி ஆகிறது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கசிகின்றன. 2006ல் இதை இரத்தத்திலேயே அளந்து காட்டினார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஓட்டை சிறுக்கிறது, முழுதாக அடைவதில்லை. கசிவைக் கண்ட மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் இரவு பகலாக அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருக்கின்றன. செல்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸும், நம்மில் பெரும்பாலோர் உடம்பில் தூங்கும் சைட்டோமெகலோ வைரஸும் இதில் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இப்படிப் பல வருடம் போனால் இரத்தக் குழாயின் உட்சுவர், எலும்பு, சிறுநீரகம் எல்லாம் தேய்கின்றன.

சிகிச்சையைத் தாமதமாக ஆரம்பித்தவர்களிடம் இந்தக் கனல் கூடுதல். நம் ஊர்க் கதையை இங்கே சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986ல், சென்னையில்; மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். இலவச ஏ.ஆர்.டி. வந்தது 2004 ஏப்ரலில். முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அப்போது சிடி4 இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. எண்ணிக்கை எதுவானாலும் உடனே சிகிச்சை என்று ஆனது 2017ல். நடுவில் காத்திருந்த பெண்கள்தான் இன்று ஐம்பது, அறுபது வயதில் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி ஓய்வு கொடுத்தால் என்ன என்று ஸ்மார்ட் என்ற ஆய்வு ஐயாயிரத்து சொச்சம் பேரிடம் பார்த்தது. 2006ல் பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. நிறுத்தியவர்களிடம் எய்ட்ஸ் மட்டுமல்லாமல் இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் கூடின. "விரத நாளில் மட்டும் வேண்டாமே சார்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சரி, பெண்களைத் தனியாக ஏன் பேசவேண்டும்? வைரஸின் வாடையை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர். 7 என்ற உணர்வானுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த உணர்வானைத் தூண்டிவிட்டால் ஆண்களின் செல்களைவிடப் பெண்களின் செல்கள் கூடுதலாக இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன என்று 2009ல் ஆய்வாளர் மார்கஸ் ஆல்ட்ஃபெல்ட் குழு காட்டியது. வைரஸ் அளவு ஒன்றாகவே இருந்தாலும் பெண் உடம்பில் ஆர்ப்பாட்டம் அதிகம். ஆரம்பத்தில் வைரஸை அடக்கிவைக்க உதவும் இந்த வேகம், காலம் போகப்போக நமக்கே பாரமாகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜென் குறையும்போது எலும்புக்கும் இதயத்துக்கும் இருந்த காவலும் போய்விடுகிறது.

பாஸ்டனில் 2007ல் வந்த கணக்கில், எச்.ஐ.வி. இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மாரடைப்பு வாய்ப்பு ஆண்களுக்கு 1.4 மடங்கு, பெண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு. பயந்துவிடாதீர்கள், பெண்களுக்கு அடிப்படை வாய்ப்பே குறைவு, அதன் மூன்று மடங்கு என்று படிக்கவேண்டும். இருந்தாலும் நெஞ்சுவலி என்று வரும் பெண்ணுக்கு வாயு மாத்திரை எழுதும் பழக்கத்தை விட இது போதும். இ.சி.ஜி. எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு அதை நான் செய்யவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயையும் சொல்லாமல் விடமுடியாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அதன் அபாயம் ஆறு மடங்கு. இருபத்தைந்து வயதிலிருந்தே, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரைக்கு மாதாமாதம் வரும் பெண்ணை அடுத்த கட்டடத்துக்கு அழைத்துப்போக ஒருவர் கூட வந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தனியாகப் போகச் சொன்னால் பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்புறம் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு. வீட்டில் ஆண்கள் பிடிக்கும் பீடிப் புகையையும் விசாரியுங்கள்.

2023ல் ரிப்ரீவ் ஆய்வின் முடிவு வந்தது. பன்னிரண்டு நாடுகள், அவற்றில் இந்தியாவும் உண்டு. நாற்பது முதல் எழுபத்தைந்து வயதுவரை, எச்.ஐ.வி. உள்ள 7,769 பேர். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெண்கள். எல்லோருமே இதய அபாயம் அதிகமில்லை என்று கருதப்பட்டவர்கள். தினமும் பிட்டவாஸ்டாட்டின் என்ற, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை ஒன்று சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. ஸ்டாட்டின் யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள்.

அந்த அம்மா இப்போதும் வருகிறார். மாரடைப்புக்குப் பிறகு அவருக்கும் ஒரு ஸ்டாட்டின் உண்டு. ஏ.ஆர்.டி. டப்பாவில் பஞ்சு அப்படியேதான் இருக்கிறது. ஸ்டாட்டினை மட்டும் கூடத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்து எல்லோரும் பார்க்க விழுங்குகிறாராம். "நெஞ்சு மாத்திரைன்னா மருமகளே தண்ணி கொண்டாந்து குடுக்குறா சார்" என்றார் போன மாதம்.